மூன்று நிமிஷ ரிப்போர்ட்

அந்தக் காலத்துப் போன் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றியே தோள்பட்டை இறங்கிப்போன அன்பர்களே, எஞ்சினியரிங் மாணவர்களுக்குப் போனில் பேசக் கற்றுக்கொடுப்பதைவிடப் பாலம் கட்டுவது சுலபம். அப்படி ஒரு மாணவர் கோதண்டராமன், பெரிய எஞ்சினியரையே அதட்டிய கதைக்கு நீங்கள் சிரிப்பது நிச்சயம். ஆனால் இப்போதே சிரிக்க விடமாட்டேன். முதலில் பாடம்.

வாத்தியார் ஆனேன்

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் பாலம் கட்டும் முகாம். பதினேழு வயதில் எனக்குப் போன் பார்க்கும் வேலை. காலேஜிலிருந்து பயிற்சிக்கு வந்த மாணவர்களில் தினம் ஒருவர், கிருஷ்ணகிரியில் இருக்கும் பெரிய எஞ்சினியருக்கு அன்றைய வேலையைப் போனில் சொல்லவேண்டும். மூன்று நிமிஷம், தாண்டினால் எக்ஸ்சேஞ்சில் வெட்டிவிடுவார்கள். ரிப்போர்ட்டைக் காதில் வாங்கியவர், யாராக இருந்தாலும், அதைத் திருப்பிச் சொல்லவேண்டும், அது முகாம் சட்டம். சொதப்பினால் பயிற்சிச் சீட்டில் கையெழுத்து கிடையாது. அடுத்த வருஷமும் இதே கொட்டகைதான்.

இவர்களைப் பழக்க ஆள் தேடியபோது மேஸ்திரி வெங்கடப்பா என்னைக் கைகாட்டினார். "ஊர்ல இருக்கற குரலெல்லாம் உன் தொண்டையிலதான் குடியிருக்குது, நீயே பெரிய எஞ்சினியராப் பேசிப் பழக்கிவுடு. என்னாட்டம் மட்டும் பேசிக் காட்டுனே, ஒதைதான்."

போனில் ஒரு மனு

கோதண்டராமன் கணக்கில் புலி. போனை எடுத்தால் மட்டும் மனு எழுத ஆரம்பித்துவிடுவார். முதல் நாள், "மகா கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு, குருபரப்பள்ளி முகாமில் பயிற்சி பெற்றுவரும்..." என்று தொடங்கி, ஊர், காலேஜ், வகுப்பு எல்லாம் சொல்லி, சிமெண்ட் மூட்டைக்கு வந்து சேருமுன் லைன் போயிற்று.

மறுநாள் எஞ்சினியர், வரும் வெள்ளிக்கிழமை பேச அவருக்குக் கடைசி வாய்ப்பு கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அந்தப் பையன் லீவு கேட்டானா, இல்லே கல்யாணத்துக்குக் கூப்பிட்டானா?"

கனைப்புப் பாடம்

சாமான் கொட்டகையில் இன்னொரு போன் உண்டு. அங்கிருந்து எஞ்சினியர்போல் கனைத்துக்கொண்டு பேசுவேன். நான்தான் என்று தெரிந்தும் கோதண்டராமனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உடனே ஜூஜுவாடி லாரிக்காரரின் கன்னடத்துக்குத் தாவுவேன். கோதண்டராமன் சிரித்துவிடுவார், நாக்கும் அவிழ்ந்துவிடும்.

வியாழக்கிழமை பயம் சுத்தமாகப் போயிற்று. "டேய் முனிராஜு, கனைப்பு ஜாஸ்தியா இருக்குது, கொறைச்சுக்கோ" என்று என்னையே அதட்டினார்.

வெள்ளிக்கிழமை

ஆறு மணிக்குப் பேசவேண்டிய எஞ்சினியர், வெளியூர் கிளம்பும் அவசரத்தில் ஐந்தரைக்கே கூப்பிட்டுவிட்டார். கிருஷ்ணகிரி லைனோ, சாமான் கொட்டகை லைனோ, மணிச் சத்தம் ஒன்றுதான். நான் டீ வாங்கிக்கொண்டு கதவருகே வந்தபோது, கோதண்டராமன் மேஜைமேல் கால் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் கனைக்கறியா? சரி, கேட்டுக்கோ. மூணாம் தூணுக்கு நாற்பது மூட்டை சிமெண்ட். ஆள் அறுபத்திரெண்டு. ஆத்துல தண்ணி ஒண்ணரை அடி. சல்லி நாளை மத்தியானம் வரைக்கும்தான் வரும், லாரி அனுப்பணும். எங்கே, திருப்பிச் சொல்லு."

போனுக்குள் ஒரு குரல் அடக்கமாகத் திருப்பிச் சொன்னது.

"தூண் நம்பரை விட்டுட்டியேடா. மறுபடி சொல்லு."

மறுபடியும் சொன்னது. பிறகு, "ரிப்போர்ட்டுன்னா இதுதான். திங்கட்கிழமை சீட்டை எடுத்துட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றது.

"பலே, கையெழுத்து வரைக்கும் போயிட்டியே" என்று சிரித்தபடி திரும்பியவர், டீ குடித்துக்கொண்டிருந்த என் வாயையே பார்த்தார். கால் இரண்டும் மெல்ல மேஜையைவிட்டு இறங்கின.

"முனிராஜு, நீ இங்கே நிக்கறே... அப்ப அங்கே யாருடா?"

பயத்தைப் போக்கக் கற்றுக்கொடுத்த நான், யாரிடம் கொஞ்சம் மிச்சம் வைக்கவேண்டும் என்பதைப் பாடத்தில் சேர்க்கவில்லை.