பூக்கேட்டு முடிவான அணை

பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி என்றால் எல்லாப் பிள்ளைகளும் அணைதான் கட்டுவார்கள். களிமண்ணில் கரை, நடுவில் கண்ணாடித் துண்டு, டார்ச் பேட்டரியில் எரியும் ஒரு பல்பு. நான் பத்தாவது படித்த வருஷமும் அதேதான். எங்களில் ஒருத்திகூட அணையைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் வேறொன்று யோசித்து வைத்திருந்தேன். எங்கள் வீடு வீரபாண்டி போகிற பாதையில், ஒரு சலவைப் பட்டறைக்குப் பக்கத்தில். பனியன் துணியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறப்போட்டு வெளுக்கிற இடம். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. அவருடைய விரல் இடுக்குகள் வெடித்து எப்போதும் சிவந்து கிடக்கும். பட்டறைக் கழிவு போகிற வாய்க்காலை ஒட்டிப் பட்டறையின் கிணறு. அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. ஏன் குடிப்பதில்லை என்று யாரும் பேசுவதுமில்லை.

நான் மூன்று கொட்டாங்குச்சியில் மண் போட்டுப் பச்சைப்பயறு ஊன்றினேன். ஒன்றுக்கு ஊர்க் கிணற்றுத் தண்ணீர், ஒன்றுக்குத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர், மூன்றாவதற்குப் பட்டறைக் கிணற்றுத் தண்ணீர். முதல் இரண்டும் நன்றாக வந்தன. மூன்றாவது, இலை விட்டதும் ஓரம் கருகித் தலை சாய்ந்துவிட்டது. மூன்றையும் தூக்கிக்கொண்டு போய் சயின்ஸ் டீச்சரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அணையை விட்டுவிட்டு இதையே வை என்றார். நல்லதாக ஒன்றைக் கோயம்புத்தூரில் நடக்கும் ஜில்லா பொருட்காட்சிக்கு அனுப்புவார்களாம். கோயம்புத்தூர் வரைக்கும் போய் வந்த பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்த உங்கப்பாவுக்கு மனசு வராது என்றார். எனக்கும் அந்தக் கணக்குதான். அப்போதெல்லாம் பள்ளிப் படிப்பு பதினொன்றாவதோடு முடிந்துவிடும். இன்னும் ஒரு வருஷம், அதை முடித்துவிட்டால் டீச்சர் டிரெயினிங் போகலாம். வீட்டில் அந்த ஒரு வருஷத்துக்கே இழுபறி.

அப்பாவிடம் சொன்னதும் முகம் செத்துப்போயிற்று. பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவர் பட்டறை முதலாளி. ஊரில் ஒரு பனியன் கம்பெனியும் அவருக்கு உண்டு. பொருட்காட்சியைத் திறந்து வைக்கப் போவதும் அவர்தான். அணை கட்டு என்றார் அப்பா. மாட்டேன் என்றேன். ஒரு வாரம் வீட்டில் இதே சண்டை. கடைசியில் அம்மா, பூக்கேட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

எங்கள் பக்கம் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, முடிவு தெரியாமல் இழுத்தால் பூக்கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். எந்த நிறம் வருகிறதோ அதுதான் முடிவு. அதற்கு அப்பீல் கிடையாது. வெள்ளை வந்தால் அணை, சிவப்பு வந்தால் பயறு. நானும் ஒத்துக்கொண்டேன். அம்மன் மனுஷரைப் போல ஆளுக்கொரு நியாயம் பேசாது என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தது அப்பா. பூசாரியின் பேத்தி, நடக்கப் பழகி கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்துக் காட்டினார். நந்தியாவட்டை. வெள்ளை. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மிச்சமிருக்கும் பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள். அதுதான் வழக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. வராமல் போன என் பூவையாவது பார்த்துவிடலாம் என்று எடுத்துப் பிரித்தேன். பூசாரி, பிரிக்கக் கூடாது என்று சத்தம் போடுவதற்குள் பிரித்தாயிற்று.

அதற்குள்ளும் நந்தியாவட்டை.

"ஏனுங்கப்பா, செகப்பு எங்கீங்க?" என்றேன்.

அவர் அம்மன் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மொதலாளி வந்து நிக்கீல அவரு கெணத்துத் தண்ணியக் காட்டி, பயறு கருகிப்போச்சுன்னு எழுதி வெச்சா, மக்யா நாளு நானு பட்டறைக்குள்ள கால் வெக்க முடியுமா கண்ணு?"

"அதுக்குச் சாமிகிட்டயே பொய்யிங்களா?"

"சாமி பொறுத்துக்கும். அவரு பொறுக்க மாட்டாரு."

அம்மா தரையைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. பூசாரி எங்களை வெளியே போகச் சொன்னார்.

முதலாளியைப் பற்றி அப்பா சொன்னதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் நான் பயறைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அணைதான் கட்டினேன். கோபத்தில் கட்டியதோ என்னவோ, மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக, மதகு வழியே தண்ணீர் ஒழுகும்படி கட்டினேன். டீச்சரிடம் சொன்னபோது அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கமிட்டிதானே.

முதலாளி வந்தார். வரிசையாக இருந்த அணைகளில் என்னுடையதற்கு முன்னால்தான் நின்றார். பட்டறையிலிருந்து பெஞ்சு தூக்கி வந்த ஆட்களோடு அப்பாவும் சுவரோரம் நின்றிருந்தார்.

"ஆரு புள்ள இது?" என்று கேட்டார் முதலாளி.

அப்பா ஓடி வந்தார். "நம்ம புள்ளைங்க."

"கைவேல சுத்தமா இருக்குதே. பத்தாவது போதும் போ. நம்ம கம்பெனீல பனியன் மடிச்சுப் பெட்டி போட ஆளு வேணும். பரீட்சை முடிஞ்சதும் அனுப்பி உடு."

"சரிங்க மொதலாளி," என்றார் அப்பா. என்னைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் நின்ற டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி அடுத்த அணைக்குப் போய்விட்டார், டீச்சரும் பின்னாலேயே போய்விட்டார்.

கோயம்புத்தூருக்கு வேறு யாருடையதோ போயிற்று. யாருடையது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பொருட்காட்சி அன்றைக்கு வீடு திரும்பும்போது அப்பா வழியில் நின்று எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பிளீச்சிங் தொட்டியில் இறங்காமல் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை தன் மகளுக்குக் கிடைத்துவிட்டது என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை எதிர்த்து என்ன சண்டை போடுவது? பரீட்சை முடிந்த மறு திங்கட்கிழமை காலை, அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் மடிக்கிற மேஜையில் உட்கார வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.