பழைய ஜீப்பை மாற்றச் சொன்னவர்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவனுக்கு இரண்டு முதுகெலும்பு வேண்டும்: ஒன்று வளைவுகளுக்கு, மற்றொன்று வாடிக்கையாளர்களுக்கு. எனக்கு ஆண்டவன் ஒன்றுதான் கொடுத்தான். அதிலும் பாதியை என் பழைய டீசல் ஜீப் தின்றுவிட்டது.

தானா ராத்தா ஓட்டல்களில் தங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கும், அதற்கும் மேலே பாசி படர்ந்த காட்டுக்கும் போய்க் காட்டிவிட்டு, பத்திரமாகத் திரும்ப இறக்கிவிடுவது என் பிழைப்பு. வீடு ரிங்லெட்டில். பழைய வண்டி வைத்திருக்கிற உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. வண்டி நம்முடையது, அதை மாற்றுகிற யோசனை மட்டும் ஊருக்கே சொந்தம்.

எலும்பு எண்ணும் பயணம்

கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்கள். என் ஜீப்பில் பின்னால் உட்காருகிறவர்கள் எதிரும் புதிருமாகத்தான் உட்கார வேண்டும். தோட்டத்துக்குள் போகும் பாதையோ குழியும் மேடும். ஒவ்வொரு குழிக்கும் அந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதுபோல் முன்னால் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்கள்.

நானும் சும்மா வரவில்லை. கொழுந்து எப்படிப் பறிப்பார்கள், எந்தச் சரிவில் எப்போது பனி இறங்கும் என்றெல்லாம் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் இஞ்சின் சத்தத்தில் அவர்கள் காதுக்கு ஒரு வார்த்தையும் போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நல்ல காட்சி தெரிகிற ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க இறங்கலாம், படம் எடுக்கலாம்!" என்று கத்தினேன். 'இறங்க' என்பது மட்டும் கேட்டிருக்கிறது. வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நாலு பேரும் அலறிக் குதித்துவிட்டார்கள்.

சமாதானம் சொல்லித் திரும்ப ஏற்றினேன். ஓட்டல் வாசலில் இறங்கிய அப்பா, இடுப்பைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "அண்ணே, தேயிலைத் தோட்டம் பாக்கணும்னுதான் சொன்னோம். எலும்ப எண்ணணும்னு நாங்க சொல்லவே இல்லையே!"

பக்கத்தில் நிற்க ஆள் இல்லை

என் மனைவி லெட்சுமி பாலர் பள்ளியில் வேலை செய்கிறாள். பிள்ளைகளை அதட்டி அதட்டி, என்னிடமும் அதே குரலில்தான் பேசுவாள். வண்டியை மாற்ற வேண்டும் என்று அவள் சொல்ல ஆரம்பித்துப் பல காலம் ஆகிறது. நான் கொடுக்கிற காரணங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "இன்னும் நல்லாத்தானே ஓடுது" என்று நான் வாய் திறப்பதற்குள் அதை அவளே சொல்லி முடித்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பயணத்தை முடித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். சட்டையைக்கூட மாற்றியிருந்தேன். ஆனால் டீசல் வாடை சட்டையில் இருப்பதில்லை. அது ஆளிலேயே ஊறிவிடும். எனக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாள் மெதுவாக நகர்ந்து தூணுக்குப் பின்னால் போனார். தீபாராதனைத் தட்டு வந்தது. நான் கையை நீட்டினேன். லெட்சுமி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தள்ளி நில்லுங்க. கற்பூரம் பட்டா நீங்கதான் முதல்ல பத்திக்குவீங்க."

ஷாமளாவின் கெடு

எனக்கு ஆள் அனுப்புகிற ஓட்டல்களில் பெரியது ஒன்று. அங்கே முன்மேசையைப் பார்த்துக்கொள்கிற பெண் ஷாமளா. நல்ல பெண், என்மேல் மரியாதை உள்ளவள். அவள் ஒரு நாள் தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தபோதே, நல்ல செய்தி இல்லை என்று புரிந்துவிட்டது. நல்லது சொல்ல வருகிறவர்கள் தேநீர் வாங்கித் தருவதில்லை.

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். விருந்தினர்கள் எழுதிவிட்டுப் போன கருத்துகள். டிரைவர் அங்கிள் ரொம்ப அன்பானவர், வண்டி ரொம்பக் கொடூரமானது. அங்கிளுக்காக ஐந்து நட்சத்திரம், வண்டிக்காக நாலைக் குறைத்துக்கொள்கிறோம். முதலாளி படித்துவிட்டாராம். இனி ஏர்கோன், எல்லா சீட்டுக்கும் பெல்ட், எல்லாம் உள்ள புது வண்டிகளுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். இந்த மலையில் ஏர்கோன் எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று கேட்டேன். திறந்தால் புகை வருகிறது என்றும் ஒருவர் எழுதியிருப்பதைக் காட்டினாள்.

அந்த ஓட்டல் போனால் என் பிழைப்பில் பாதி போய்விடும். அவளுக்கும் அது தெரியும். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "ஸ்கூல் லீவு வரைக்கும் முதலாளிய நான் சமாளிக்கிறேண்ணே. அதுக்கப்புறம் நீங்க மட்டும் வாங்க, அத விட்டுட்டு வாங்க."

சத்தம் போடாத வண்டி

வேறு வழியில்லாமல், புது வண்டி பார்க்க மலையடிவாரத்து ஈப்போவுக்கு இறங்கினேன். புது டீசல் இஞ்சின், ஏழு பேர் உட்காரலாம், நாலு சக்கரமும் இழுக்கும். விற்பனையாளர் ஓர் இளைஞர். இறுக்கிப் பிடித்த சட்டை, என்னை முதலாளி ஆக்கி நிமிடத்துக்கு ஒரு 'போஸ்'. ஓட்டிப் பாருங்கள் என்றார். அந்த வண்டிக்குச் சாவியே இல்லை, ஒரு பொத்தான்தான். அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். இரண்டாவது தடவை நான் அழுத்தியது, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை நிறுத்துவதற்காம்.

தெருவில் இறங்கினோம். நெய்மேல் போவதுபோல் போனது. எங்காவது மேடு இருந்தால் ஏற்றிப் பார்க்கலாமே என்றேன். மேம்பாலம் ஒன்று இருக்கிறது என்றார். பிறகுதான் மெல்ல ஒரு விஷயத்தைச் சொன்னார். புகையில் வருகிற கரியைப் பிடிக்க இதில் ஒரு வடிகட்டி இருக்கிறதாம். எப்போதும் மெதுவாகவே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓட்டினால்தான் சூடேறிக் கரி எரியும்.

நான் வசிக்கிற இடத்தில் நெடுஞ்சாலையே இல்லை, லோரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் எங்கள் வாழ்க்கை என்றேன். அவர் கொஞ்சமும் கலங்காமல், அதெல்லாம் ஒரு கஷ்டமா என்பதுபோல் கையை ஆட்டினார். "சுசா இல்ல போஸ். சும்மா மலையிலேர்ந்து இறங்கி ஹைவேல ஒரு ரவுண்டு ஓடிட்டு ஏறிடுங்க. மனுஷனுக்கு ஜாகிங் வேணும்ல, அது மாதிரிலா."

மருந்தும் பார்ட்ஸும்

ரிங்லெட்டில் எனக்கு வண்டி பழுது பார்ப்பவர் ஆ செங். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர். கோபம் வந்தால் தமிழில்தான் திட்டுவார். அவருடைய பட்டறையில் என் ஜீப்புக்கென்றே ஒரு மூலை உண்டு. ஜீப்பை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று நேராக அவரையே கேட்டுவிடலாம் என்று போனேன். டாக்டரிடம் கேட்பதுபோல் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

அவர் ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வரவேயில்லை. இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இந்த வண்டி இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்றேன். பார்ட்ஸ் கிடைக்கிற வரைக்கும் என்றன கால்கள். பார்ட்ஸ் கிடைக்கிறதா என்றேன். கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின. சரி, புது வண்டி வாங்கினால் நீங்கள் பார்ப்பீர்களா என்றேன். உள்ளே ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டது.

"மணியம், இந்தக் காடிக்கு எங்கிட்ட மருந்து இருக்கு, பார்ட்ஸ் இல்ல. புதுக் காடிக்கு எல்லாக் கடையிலயும் பார்ட்ஸ் இருக்கு, எங்கிட்ட மருந்து இல்ல. நீ போய் சாமிய கேளுலா."

தோட்டம் எப்போது வரும்?

கம்போங் ராஜாவில் என்னைப்போலவே சுற்றுலா வண்டி ஓட்டுகிற குணா இருக்கிறான். என்னைவிட வயதில் சின்னவன். ஏற்கெனவே புது வண்டிக்கு மாறிவிட்டவன். "ஒரு நாள் ஓட்டிப் பாருண்ணே" என்று தன் வண்டியைக் கொடுத்துவிட்டு, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். அவனுடைய வாடிக்கையாளர்களையும் சேர்த்தே கொடுத்தான். ஜொகூரிலிருந்து வந்த ஆறு பெண்கள். ஒரே அலுவலகத்தில் வேலை.

பாதை அதே பாதைதான், குழி அதே குழிதான். ஆனால் வண்டி அலுங்கவில்லை. ஏர்கோன் இதமாக அடித்தது. என் குரல் எனக்கே இவ்வளவு தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான். உற்சாகமாகிவிட்டேன். கொழுந்திலிருந்து தொழிற்சாலை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். பின்னால் சத்தமே இல்லை. எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். நிறுத்துகிற இடத்தில் பெரிய பஸ் ஒன்று மறித்திருந்ததால், திரும்பி இறங்கும்போது நிறுத்தலாம் என்று மேலே போனேன். திரும்பிப் பார்த்தால் ஆறு பேரும் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்ப மனம் வராமல், எங்கும் நிறுத்தாமலே கீழே இறங்கிவிட்டேன்.

பெரிய சாலைக்கு வந்து பிரேக் போட்டபோது ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்: "அங்கிள், தேயிலைத் தோட்டம் இன்னும் எவ்வளவு தூரம்?"

மஞ்சள் விளக்கு

அதற்கு அடுத்த வாரமே குணாவிடமிருந்து அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை. திரிங்காப்பில் காய்கறி லோரிகளும் சுற்றுலா பஸ்களும் சேர்ந்து சாலையை அடைத்துவிட்டன. நடுவில் குணா, வண்டி நிறைய ஆட்கள். முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது. கரியை எரிக்க வேண்டும், வேகமாக ஓட்டு என்கிறது வண்டி. முன்னால் ஒரு லோரி நிறைய முட்டைக்கோஸ் அசையாமல் நிற்கிறது. கடைசியில் வண்டியே வெறுத்துப்போய், ஆமை வேகத்துக்கு மேல் போக மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது.

நான் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் போய் அவனுடைய ஆட்களை என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். என் ஜீப் அன்றைக்கு ராஜாவாட்டம் நின்றது. மனசுக்குள் எனக்கு ஒரே குதூகலம். முடிவு செய்துவிட்டேன்: மாற்றுவதில்லை. ஷாமளாவின் முதலாளியை நானே நேரில் பார்த்துப் பேசிக்கொள்கிறேன். தலையில் கை வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்த குணா, தன் வண்டியைக் கண்ணால் காட்டினான்.

"சிரிக்காதண்ணே. வீட்ல அவ ஒருத்தி சொல்றத கேக்கணும், இப்ப இவ சொல்றதையும் கேக்கணும்."

தேயிலைச் செடிகளுக்குள்

இந்தச் சம்பவத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல எனக்கு வரவில்லை. கம்போங் ராஜா பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்த ஓர் ஆசிரியை, தன் அப்பாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டம் பார்க்க வந்தார். அப்பா முன்னால் என் பக்கத்தில். மற்றவர்கள் பின்னால். பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது, பனி மூட்டம் சரிவை மூடிக்கொண்டு வந்தது. ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கால் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன். வெறும் இரும்பு.

வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மேடு, மேடு முழுக்கத் தேயிலை. கியரை இறக்கினேன், இஞ்சின் கதறியது. கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டே இடது பக்கம் ஒடித்தேன். ஜீப் மேட்டோரமாக உரசி, செடிகளை முறித்துக்கொண்டு ஏறி, சாய்ந்தவாக்கில் நின்றது. பிள்ளைகள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். ஆசிரியை இரண்டு பிள்ளைகளையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பின்சீட்டில் பெல்ட் இல்லை. அவருடைய கைகள்தான் பெல்ட். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான்தான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிரேக் எண்ணெயை அழுத்தித் தருகிற பாகத்தில் உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது என்று ஆ செங் பிறகு சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதாம், வயசுதான் காரணமாம். அன்றைக்கு அந்த அப்பா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நீங்க நல்ல டிரைவர். அதனாலதான் இன்னைக்கு தப்பிச்சோம். இனிமே இந்த வண்டியில யாரையும் ஏத்தாதீங்க."

திருஷ்டி

புது வண்டியை வாங்கிவிட்டேன். கடன் விவரம் வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், அதையே நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜீப்பை ஆள் ஏற்றாமல் வைத்துக்கொள்ள மனம் கேட்டாலும் இடம் இல்லை. பார்ட்ஸுக்காக ஆ செங்கே எடுத்துக்கொண்டார். பள்ளி விடுமுறைக்கு முன்னால் ஷாமளாவிடம் புது வண்டியைக் காட்டினேன். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, விடுமுறை முழுக்க ஆள் எழுதிக் கொடுத்தாள்.

கோயில் வாசலில் பூசை. லெட்சுமி பட்டுப் புடவையில் வந்து, முதல் தடவையாக என்னைத் தள்ளி நிற்கச் சொல்லாமல் பக்கத்திலேயே நின்றாள். குருக்கள் முன்கண்ணாடியில் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏறி உட்கார்ந்து இஞ்சினைப் போடச் சொன்னார். போட்டேன். தட்டோடு வண்டிக்கு முன்னால் வந்து நின்று சுற்ற ஆரம்பித்தார். முன்னால் ஏதாவது நெருங்கினால் எச்சரிக்கிற கருவி இதில் உண்டாம், உடனே வண்டி பீப் பீப் என்று கத்தியது. கிட்டே வந்தார், இன்னும் வேகமாகக் கத்தியது. மந்திரத்தை அவர் உரக்கச் சொல்ல, அதற்குப் போட்டியாக வண்டியும் உரக்க அலறியது. எந்தப் பொத்தானை அமுக்கி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றை அமுக்கினேன், மழையே இல்லாமல் வைப்பர் ஆடியது. சந்தனத் தண்ணீர் குருக்கள் மேலேயே தெறித்தது.

ஒரு வழியாகப் பழத்தை நசுக்கலாம் என்று மெல்ல நகர்த்தினேன். தேங்காய் மூடியை எடுக்க லெட்சுமி வண்டிக்கு முன்னால் குனிந்தாள். வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்றுவிட்டது. பழம் அப்படியே இருந்தது. குருக்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"என்ன மணியம், திருஷ்டி கழிக்க வந்த என்னையே திருஷ்டின்னு நெனச்சுக் கத்துதே உங்க காடி!"

இத்தனை வருஷமாக வண்டியைப் பற்றி ஊரார் என்னிடம் குறை சொன்னார்கள். இப்போது பெல்ட் போடவில்லை, வேகம் போதவில்லை என்று என்னைப் பற்றி வண்டியே என்னிடம் குறை சொல்கிறது.