நுரைக்கு யார் காரணம்

ஓட்டல் படுக்கைவிரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுக்கும் சலவைக்கூடத்தில் மேஸ்திரிக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். இயந்திரத்தின் கண்ணாடிக் கதவு வழியே நுரையைப் பார்த்தே, தூள் கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவார். ஆகவே வீட்டுக் கழிப்பறையில் நுரையைக் கண்டபோது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நிபுணர்களுக்கு அது அபூர்வமாகத்தான் வரும்.

"தூளை அள்ளிக் கொட்டிட்டு அலசாம விட்டுட்டியா?"

"நான் இன்னிக்குக் கழுவவே இல்லீங்க" என்றாள் மனைவி.

"அப்ப நேத்துக் கொட்டினது."

நான்கு மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள் மனைவி அவர் கண்ணெதிரே கழிப்பறையில் நான்கு வாளி பச்சைத்தண்ணீரை ஊற்றிவிட்டு, "இப்பப் போங்க" என்றாள். போனார். நுரை மறுபடி எழும்பியது. வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கால் வீங்குவதை நின்றுகொண்டே செய்யும் வேலையின் கணக்கில் எழுதிவைத்திருந்தவர், அன்று கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி மேலெழும்ப நெடுநேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில், சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள். சலவைக்கூடத்து வண்டியை ஓட்டும் மைத்துனன், "கையில இருக்கிறதை வெளிய விடுற தாராளம் உங்களுக்கு எப்ப மாமா வந்துச்சு?" என்றான். மேஸ்திரி சிரித்தார். பயத்தில் வரும் சிரிப்பு கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். நோய்க்கிருமியோடு சண்டை போடவேண்டிய எதிர்ப்புப் புரதத்தை, மஜ்ஜையில் ஒரு சிறு செல் கூட்டம் யாரும் கேட்காமலே ஒரே அச்சில் செய்து தள்ளுகிறது. அது சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படிகிறது.

மேஸ்திரிக்குப் புரிந்தது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் பஞ்சு அடைப்பது மாதிரி.

"வலையைக் கழட்டித் தட்டிட்டு மாட்ட முடியாதுங்களா?"

"முடியாதுங்க. பஞ்சு விடுற துணியைத்தான் நிறுத்தணும்."

"புற்றுநோயா?"

"இல்லை." மேஸ்திரி மூச்சு விட்டார். "ஆனா புற்றுநோய்க்குக் குடுக்கிற ஊசிதான் போடணும்."

விட்ட மூச்சு பாதியில் நின்றது. இல்லாத நோய்க்கு எதற்கு ஊசி என்று கேட்டார்.

"அந்த செல்லுங்க எண்ணிக்கையில கொஞ்சம்தான், அதனால புற்றுன்னு சொல்ல மாட்டோம். கெடுதல் கொஞ்சமில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கு மேல போயிடுச்சு. போனது பெரும்பாலும் திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திடலாம். தள்ளிப்போட்டா டயாலிசிஸ்தான்."

மேஸ்திரி தள்ளிப்போட்டார். ஒரு வாரம் இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது; மறுவாரம் புது ஓட்டலின் சரக்கு; அதற்கடுத்த வாரம் காரணமே இல்லை, அதனால் தலைவலி. புற்று இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். புற்றுநோய்ப் பிரிவின் வாசலைக் கனவில் கண்டு எழுந்தார்.

மூன்றாம் வாரம் மனைவி சலவைக்கூடத்துக்கே வந்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறை. நீராவிக்கு நடுவே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அறுந்த பெல்ட்டை மாட்ட எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு மணி நேரம்."

"மூணு வாரமா என்ன பண்றீங்க?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? கிளம்புங்க."

புற்றுநோய்ப் பிரிவில் பக்கத்து நாற்காலியில் தலையில் துணி கட்டிய அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். "முதல் தடவையா?" என்றார்.

"ஆமாங்க. ஆனா எனக்கு அது இல்லை."

"நானும் முதல்ல அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்" என்றார் அவர், ஆறுதலாகத்தான்.

நர்ஸ் சட்டைப் பித்தானைக் கழற்றச் சொன்னாள். வயிற்றில் சின்ன ஊசி. மூன்று வாரப் பயத்துக்கு ஈடாகாத அளவு சின்னது. ஆனாலும் பயம் குறையவில்லை.

"இது கேக்குமாம்மா?"

"ரெண்டு மாசம் கழிச்சு ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும்யா."

கேட்கும் என்று நர்ஸ் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. சட்டைப் பித்தானை மனைவி போட்டுவிட்டாள். அவள் ஒரு துளை தள்ளிப் போட்டதை அவர் பார்த்தார், பார்க்காததுபோல் இருந்தார்.

"அடுத்த ஊசி என்னைக்கு?" என்று நர்ஸிடம் கேட்டார்.