பிள்ளையார் சுழி போட்ட லைசென்ஸ்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நான் ஒரு திருடன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகப்படுத்தியவர் சம்பந்தி.

அதற்கு முன் பதினெட்டு வருடங்கள் அந்த நினைப்பே இல்லாமல் நிம்மதியாகத்தான் இருந்தேன். இரணியலில் எனக்கு ஒரு டிடிபி கடை. கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று, சுற்றுவட்டாரத்தில் யாருக்கு நல்லது கெட்டது நடந்தாலும் அது முதலில் என் மானிட்டரில்தான் நடக்கும். இவ்வளவையும் நான் செய்துவந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மென்பொருளில். நல்ல மென்பொருள். விலையும் நல்ல விலை என்று கேள்வி. கேள்விதான், ஏனென்றால் நான் வாங்கவில்லை. கடை திறந்த அன்று கம்ப்யூட்டரை மாட்டித் தந்த ஆள், மவுஸ் பேடை இலவசமாகக் கொடுத்த அதே கையால் பூட்டு உடைத்த காப்பி ஒன்றையும் ஏற்றிவிட்டுப் போனார். மவுஸ் பேடுக்கு நன்றி சொன்னது நினைவிருக்கிறது.

சம்பந்தி அருமனைக்காரர். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். கண்டக்டர் டிக்கெட் தர மறந்துவிட்டால், இறங்குகிற இடத்தில் படியில் நின்று பஸ்ஸைப் பிடித்துவைத்து டிக்கெட் வாங்கிக் கிழித்துப் போடுகிற ரகம். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டருகே காலி மனையில் காரை நிறுத்த, மனைக்காரர் யார் என்று தெருத்தெருவாக விசாரித்தவர். உள்ளே கேசரி ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவர் போனில் கேட்டார்.

"சம்பந்தி, ஒரு உபகாரம் வேணுமே. எங்க பென்ஷனர் சங்கத்துக்கு மாசப் பத்திரிகை ஒண்ணு கொண்டு வரலாம்னு இருக்கோம். நாலே நாலு பக்கம். அதுக்கு நீங்க வச்சிருக்கியளே சாஃப்ட்வேர், அத மாதிரி விலைக்கு வாங்கணுமா, இல்ல சும்மா கிடைக்கதே போதுமா? கமிட்டில ரெண்டு கட்சியா நிக்கானுவோ. நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்."

"அதுக்கென்ன, சொல்லலாமே."

"உங்ககிட்ட உள்ளது காசு கொடுத்து வாங்கினதுதானே?"

என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லியது: "பின்னே? லைசென்ஸ் எல்லாம் பக்காவா இருக்கு."

"கொள்ளாம், நல்லதாப் போச்சு. அப்பம் மத்தியானம் சாப்பிட்டுட்டு வாறேன். அந்த லைசென்ஸையும் பாத்துருவோம், கமிட்டில சொல்லணும்லா. கல்யாணக் கார்டையும் ஒரு தடவ உக்காந்து பாத்துரலாம்."

எங்கள் ஊரில் வெப்ராளம் என்று ஒரு சொல் உண்டு. பயம், அவசரம், அழுகை, அசட்டுத்தனம் நான்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் வருவது. போனை வைத்ததும் எனக்கு அது வந்தது. கல்யாணக் கார்டு அன்று மாலைக்குள் நாகர்கோவில் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை, முதல் கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குலதெய்வத்தின் காலடியில் வைக்க வேண்டும். ஆனால் என்னை ஆட்டியது அதுவல்ல. அந்த மனிதர் முன்னால் நான் பொய்யன் ஆகிவிட்டால்? நாளைக்கு அந்த வீட்டில் என் மகள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால், 'உங்கப்பா சொன்னாரே, அது மாதிரியா?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதுமே.

பக்கத்து மேஜையில் என் மனைவி ஒரு கண்ணீர் அஞ்சலியை டைப் செய்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"இதுக்குப் போய் ஏன் இப்பிடி நிக்கியோ? வாங்கிரப்பிடாதா? கம்ப்யூட்டர்லேயே வாங்கலாம்லா?"

விலையைப் பார்த்தேன். மாதா மாதம் கட்ட வேண்டுமாம். கட்டுவதை நிறுத்தினால் பொருளும் நின்றுவிடுமாம். கல்யாண மண்டபத்துக்குக்கூட ஒரே தடவைதானே வாடகை கொடுக்கிறோம் என்று பெருமூச்சு விட்டபடி பேங்க் கார்டு நம்பரைப் போட்டேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப இந்தக் கார்டுக்கு அனுமதி இல்லை, கிளைக்கு நேரில் வரவும் என்றது பேங்க். வாழ்க்கையில் முதன்முறையாக யோக்கியனாக முயன்றேன், பேங்க் விடவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தப் பேரறிவு தோன்றியது. நான் யார்? டிசைனர். லைசென்ஸ் என்பது என்ன? ஒரு பேப்பர்.

பத்து நிமிடத்தில் முடித்தேன். தங்க நிறத்தில் பார்டர், நடுவில் ஆங்கிலத்தில் கம்பெனி சான்றளிப்பதாக நாலு வரி, கீழே சிவப்பு முத்திரை, வாசிக்க முடியாத ஒரு வெள்ளைக்காரக் கையெழுத்து. அச்செடுத்து, லேமினேட் செய்து, காலண்டர் ஆணியில் காலண்டரைக் கழற்றிவிட்டு மாட்டினேன். மனைவி எழுந்து வந்து பார்த்தாள்.

"இத எதுல செய்தியோ?"

"எதுலன்னா?"

"திருட்டுச் சாமான்லயே, திருட்டுச் சாமானுக்கு லைசென்ஸ் அடிச்சிருக்கியளா?"

"ஏட்டி, நீ அஞ்சலிய அடி."

"அடிக்கேன். பேருதான் மாத்தணும் போல."

அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு வெப்ராளத்தின் இரண்டாவது அலை அடித்தது. நான் வைத்திருந்த காப்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மாதத்தில் இரண்டு முறை, 'இது முறையான பிரதி அல்ல' என்று ஒரு சின்னப் பெட்டி மூலையில் எட்டிப் பார்க்கும், வாசிக்காமலே மூடிவிடுவேன். சம்பந்தி உட்கார்ந்திருக்கும்போது எட்டிப் பார்த்தால்? யோசிக்கவே இல்லை. அதை அடியோடு அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது: லைசென்ஸைச் சுவரில் மாட்டிவிட்டு, லைசென்ஸுக்கு உரிய பொருளை அழித்துவிட்ட உலகத்தின் முதல் மனிதன் நான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்தேன்.

"அழிச்சது நல்லதுப்பா. சும்மா கிடைக்கதுல ஒண்ணு இருக்கு, லிங்க் அனுப்புகேன். அத யாரும் யாருக்கும் கொடுக்கலாம், உள்ள எப்பிடி எழுதியிருக்குன்னு பாக்கலாம், திருத்தலாம். யாருக்கும் பயப்பட வேண்டாம்."

"செரி மக்கா."

"கல்யாணக் கார்டு பிடிஎஃப் எடுத்து வச்சாச்சுல்லா?"

காலி செய்த குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன்.

"அப்பா? லைன்ல இருக்கியளா?"

லைனில் இருந்தேன். உயிர்தான் இல்லை. கார்டு இருந்தது, ஆனால் அழித்துவிட்ட மென்பொருள் மட்டுமே ஒழுங்காகத் திறக்கக்கூடிய ஃபைலாக இருந்தது. அவள் கல்யாணத்தின் கார்டு.

இலவசமானதை இறக்கினேன். கார்டு நம்பர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை, யாருவே நீ என்றுகூடக் கேட்கவில்லை. பதினெட்டு வருடம் திருடிப் பழகியவனுக்கு இவ்வளவு மரியாதை சந்தேகத்தைத்தான் கொடுத்தது. அதில் கல்யாணக் கார்டைத் திறந்தேன். திறந்தது. ஆனால் சொந்தபந்தம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. தாய்மாமன்மார் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் படுத்திருந்தார்கள். சித்தப்பா குத்துவிளக்கின் திரியில் நின்றார். மாப்பிள்ளையின் அப்பா, அதாவது வரப்போகிறவர், காகிதத்தை விட்டே வெளியேறிச் சாம்பல் நிறப் பரப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தார், கோபித்துக்கொண்டு பந்தலை விட்டு இறங்கியவர் மாதிரி.

அவரை இழுத்து உள்ளே போட முயன்றேன். என் இடது கைக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். அது அழுத்திய குறுக்குவழி இங்கே வேறு எதையோ செய்தது. தாய்மாமன்மார் தலைகீழாகத் திரும்பினார்கள்.

"மாமன்மாரு சிரசாசனம் செய்யுகாவோ" என்றாள் மனைவி.

அந்த நேரத்தில் சம்பந்தி படியேறினார். கக்கத்தில் குடை, கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். நான் எழுந்து மானிட்டரை முதுகால் மறைத்தபடி, "வாங்க, வாங்க, வெயிலுல்லா" என்றேன். வெளியே மேகம் மூடியிருந்தது.

அவர் உட்காரவில்லை. நேராகச் சுவருக்குப் போனார். கண்ணாடியை மாட்டி, லைசென்ஸை மேலிருந்து கீழே, ஃபைல் நோட் வாசிக்கிற நிதானத்தில் வாசித்தார். பிறகு பார்வை மறுபடி மேலே போனது.

"சம்பந்தி, இந்தக் கம்பெனிக்காரன் வெளிநாட்டுக்காரன்தானே?"

"ஆமா."

"நல்ல பக்திமான் போலயே. மேல பிள்ளையார் சுழி போட்டிருக்கான்."

பார்த்தேன். தங்க பார்டரின் உச்சியில், நட்டநடுவில், லட்சணமாக ஒரு 'உ'. காலி பேப்பரில் வேலை தொடங்கியதே இல்லை நான். எதை ஆரம்பித்தாலும் அழைப்பிதழ் மாதிரி ஒன்றைத் திறந்து உள்ளே இருப்பதை அழித்துவிட்டு அதன் மேல்தான் செய்வேன். மேலே இருந்ததை அழிக்க மறந்திருக்கிறேன்.

"கீழயும் பாருங்க" என்றார் அவர். வெள்ளைக்காரக் கையெழுத்துக்கு அடியில், சின்ன எழுத்தில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று இருந்தது.

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். எனக்கு ஒரு வினாடி, இதற்கும் ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. இந்தியக் கிளை, உள்ளூர் வழக்கம் என்று என்னவெல்லாமோ நாக்கின் நுனிவரை வந்தன. அதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, அது நான் அடிச்சது. காலைல. வாங்கவே இல்ல. பதினெட்டு வருஷமா திருட்டுக் காப்பிதான். உங்களுக்குப் பயந்து அதையும் அழிச்சிட்டேன். அதோட கார்டும் போச்சு. நீங்க இப்பம் பேப்பருக்கு வெளிய நிக்கியோ."

அவர் சிப்ஸ் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். என் மகளின் எதிர்காலம் அந்தப் பொட்டலத்தின் நூல்முடிச்சில் தொங்குவதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திருடினதுகூட செரி, ஊருல எல்லாவனும் செய்யுகான்" என்றார் கடைசியில். "காலைல என்கிட்ட எதுக்குப் பொய் சொன்னியோ? அதுதான் எனக்கு வருத்தம்."

"பயந்துட்டேன்."

"எனக்கா?"

"பின்னே? காலி மனைக்கு ஆள் தேடினவருல்லா நீங்க."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. அடக்கப் பார்த்தார். மூக்கு வழியாகப் பீறிட்டது. குடை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். பின்கட்டிலிருந்து மனைவியின் சிரிப்பும் சேர்ந்தது. இரண்டு பேருக்கும் நடுவில், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் விக்கிக்கொண்டிருந்தேன்.

"தள்ளுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "மூணு வாரமா நான் வீட்டுல இதத்தான் நோண்டிட்டு இருக்கேன். கமிட்டில சும்மா கிடைக்கதுக்குப் பேசுக கட்சி நானாக்கும். இடது பக்கம் மூணாவது. அதில்ல, அதுக்குக் கீழ."

பதினெட்டு வருட டிசைனர் ஒருவன் ஓய்வுபெற்ற குமாஸ்தாவிடம் கோடு போடப் படித்தான். இடது கை தன் பழைய வேலையைக் காட்டும்போதெல்லாம் அவர் பேனாவால் அதன் மேல் தட்டினார். மாமன்மாரை நிமிர்த்தினோம். சித்தப்பாவை விளக்கிலிருந்து இறக்கினோம். பேப்பருக்கு வெளியே நின்ற தன்னை மட்டும் கடைசியில் சம்பந்தியே இழுத்து உள்ளே போட்டுக்கொண்டார். ஐந்தரைக்கு பிடிஎஃப் நாகர்கோவிலுக்குப் போய்விட்டது. அச்சகத்துக்காரர், இதில் செய்தால் நிறம் சரியாக வராதே என்று முனகினார். அவர் சொன்னது சரி. குங்குமச் சிவப்பு கொஞ்சம் கூரை ஓட்டுச் சிவப்பாக வந்தது. குலதெய்வம் ஆட்சேபிக்கவில்லை.

புறப்படும்போது அவர் கேட்டார்: "தீர்ப்பு?"

இந்தத் தடவை வாய் என்னைக் கேட்டுவிட்டுப் பேசியது. "விலைக்கு உள்ளது நல்ல சாமான், அண்ணாச்சி. நிறம் அதுலதான் சுத்தமா வரும். தினமும் அச்சகத்துக்குப் போகக்கூடியவன் காசு கொடுத்து வாங்குகது நியாயம். உங்க நாலு பக்கத்துக்கு இது தாராளம். எங்கிட்ட கேட்டா, நானும் இதிலேயே இருந்து பழகலாம்னு இருக்கேன். இதத் திறக்கும்போது வாசல்ல யாரு வாறான்னு பாக்க வேண்டாம்லா."

பிறகு பேங்க் கிளைக்குப் போய் அனுமதி வாங்கி, விலைக்கு உள்ளதற்கு ஒரே ஒரு மாதம் பணம் கட்டினேன். அந்த மாதம் முழுக்க நானும் மனைவியும் பதினெட்டு வருட ஃபைல்களைத் திறந்து எங்கும் திறக்கிற மாதிரி மாற்றி வைத்தோம். நிஜமான ரசீது மின்னஞ்சலில் வந்தது. ஒரு சுழி இல்லை, பூ இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் சம்பந்தி விடவில்லை. பத்திரிகை தொடங்குகிற அன்று சங்கத்துக்கு வந்து, நடந்ததை நடந்தபடி மேடையில் சொல்ல வேண்டும் என்றார். பொய் சொன்னதற்குத் தண்டனை என்று நினைத்தேன். போனேன். நாற்பது பென்ஷனர்கள். என்னை அறிமுகம் செய்கையில், "இவரு என் சம்பந்தி. என்கிட்ட ஒரு பொய் சொன்னாரு. அன்னைக்கு மத்தியானமே அவரே உண்மையும் சொன்னாரு. நான் சர்வீஸ்ல இருந்த காலத்துல அவ்வளவு சீக்கிரம் உண்மை சொன்ன ஆளு யாருமில்ல" என்றார். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். சொன்னேன், ஒன்றையும் விடாமல். பிள்ளையார் சுழிக்கு வந்தபோது கூடம் குலுங்கியது.

"செரி, இங்க யாரு வீட்டுலயாவது திருட்டுக் காப்பி உண்டா?" என்று சம்பந்தி கேட்டார்.

முதலில் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு இரண்டாவது வரிசையில், விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்று கமிட்டியில் மேஜையைத் தட்டிப் பேசியவர், காது வரைக்கும் மட்டும் கையைத் தூக்கினார். அவர் பின்னால் ஒன்று. ஜன்னலோரம் இரண்டு. பிறகு கூடம் முழுக்கக் கைகள். சம்பந்தி பேனாவைத் திறந்து, விரல் நீட்டி ஒவ்வொரு கையாக எண்ணத் தொடங்கினார், மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டுமாம்.