மூன்று அடி கூடுதல்

என் மேசை இழுப்பறையில் ஒரு மடக்கு அடிக்கோல் இருக்கிறது. மஞ்சள் பூசிய மரம், பித்தளை மூட்டுகள், விரித்தால் ஆறடி. ஆனால் முதல் நான்கு அங்குலம் இல்லை. அந்த முனை சிராய் சிராயாக உடைந்து நிற்கிறது. எதை அளந்தாலும் கடைசியில் நான்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். புதியது ஒன்று வாங்கியிருக்கலாம். நான் வாங்கவில்லை.

ஜப்பான்காரர்கள் கோலாலம்பூருக்குள் வந்த மறு ஆண்டு, பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஒரு மோட்டார் பட்டறையில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அப்பா அதே தண்டவாளத்துக்குக் கல் கொட்டியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஆங்கிலப் பள்ளியில் கற்ற கணக்கும், புதிதாகப் படித்துக்கொண்ட ஜப்பான் எழுத்தும் கையில் இருந்ததால், பட்டறையை ராணுவம் எடுத்துக்கொண்டபோது மற்றவர்கள் பயந்த அளவுக்கு நான் பயப்படவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னால் யாரும் நம்மை ஒன்றும் செய்துவிட முடியாது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் இருந்தது.

அங்கே வண்டி ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்போம். அகன்ற தோள், வெற்றிலைக் கறை படிந்த பல், யாரையும் விடாத வாய். நான் தாளில் படம் போட்டு ஏதாவது விளக்க ஆரம்பித்தால் எட்டிப் பார்த்து, "பேப்பர்ல ஓட்ற லோரிக்கு எண்ணெய் வேணாம்லா, கிராணி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளே அது தைக்கும். ஒருநாள் இவர் எதிரிலேயே என் கணக்கு ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த நாளும் வந்தது.

பெரிய கார்களின் பின்பாதியை அறுத்துவிட்டுப் பலகைப் பெட்டி வைத்த இரண்டு பிக்கப்புகள் எங்களிடம் இருந்தன. ஒன்றுக்குப் பெட்டி ஆறடி. இன்னொன்றின் அடிச்சட்டத்தை இரும்பு ஒட்டி நீட்டியிருந்ததால் அதற்கு ஒன்பதடி. பெட்ரோல் கிடைக்காத காலம், இரண்டுமே கரி அடுப்புப் புகையில் ஓடியவை. ஒரு காலை, பட்டறைக்குப் பொறுப்பான ஜப்பான் அதிகாரி நான்கு சக்கர டிரெய்லர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, இதை இழுத்துக்கொண்டு பந்திங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போய் அன்றே திரும்ப வேண்டும், கரி ஒரு நடைக்குத்தான் உண்டு, எந்த வண்டி சரி என்று மலாயில் கேட்டார். டிரைவர் அண்ணன் யோசிக்கவே இல்லை. குட்டைப் பெட்டிதான் என்றார். தோட்டத்துச் சந்துகளில் நீள வண்டி வளையாது, டிரெய்லரோடு சேர்ந்து நடுவில் மாட்டிக்கொள்ளும் என்றார்.

அது தவறு என்று எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துச் சாலையின் அகலம் என் பழைய குறிப்பேட்டில் இருந்தது. நீள வண்டி தாராளமாகத் திரும்பும். குட்டை வண்டிக்குப் பின்னால் பாரமான டிரெய்லரை மாட்டினால், இறக்கத்தில் அது வண்டியின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும். டிரெய்லரைப் பாதிதான் நிரப்ப முடியும். நீள வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம், அது அசையாது. நான் வாயைத் திறந்ததும் டிரைவர் அண்ணன் என் காலை மிதித்தார். "சும்மா இருலா, தம்பி. இது ஒனக்கு வேணாம்" என்றார், உதடு அசையாமல். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் இரண்டு வண்டிகளையும் வரைந்து காட்டினேன்.

அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு "பாகுஸ்", நல்லது, என்று மலாயில் சொல்லி என் தோளைத் தட்டினார். பெட்டியை எதிரிலேயே அளக்கச் சொன்னார். அடிக்கோலின் முதல் முனையைப் பின்பலகையின் மேல் டிரைவர் அண்ணன் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் மறுமுனையோடு முன்னால் நகர்ந்தேன். அதிகாரி எஞ்சினை முடுக்கும் இரும்பு ஹேண்டிலை எடுத்ததை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. மரம் உடையும் சத்தமும் எலும்பு உடையும் சத்தமும் ஒன்றுபோலவே இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பொய் சொன்னதற்கு என்று இரண்டாவது அடி முதுகில் விழுந்தது, மூன்றாவது முழங்காலில். அவர் கத்தவில்லை. "ஏன் அண்ணே, ஏன் பொய் சொன்னீங்க?" என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

வேறு டிரைவர் இல்லை. உடைந்த கையைத் துணியில் கட்டி அவரையே ஓட்டச் சொன்னார்கள். இடது கையால்தான் கியர் போட வேண்டும் என்பதால் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் கியரை மாற்றினேன். பின்பெட்டியில் துப்பாக்கியோடு நான்கு சிப்பாய்கள். பாதி வழி போனதும் என்ன ஏற்றப் போகிறோம் என்று கேட்டேன்.

"ஆளுங்கள. சயாமுக்கு, ரயில் ரோட்டு வேலைக்கு. எல்லாத் தோட்டத்துலயும் இப்புடித்தான், மொத வீட்லேருந்து புடிப்பானுங்க. வண்டி ரொம்புனதும் நிறுத்திக்குவானுங்க. என் தம்பி கடைசி வீடு" என்றார் அவர். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தின் முதல் கதவிலிருந்து தொடங்கினார்கள். திறக்காத கதவுகளைத் துப்பாக்கிக் கட்டையால் பிளந்தார்கள். மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடாத ஒரு பெண்ணின் வாயில் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். ஓடிய ஒருவரை வாய்க்கால் ஓரத்தில் சுட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த கதவுக்குப் போனார்கள். டிரெய்லர் நிறைந்தது. பிறகு பெட்டியை நிரப்பினார்கள். ஆறடி வரை ஆட்கள் நின்றபோது லயத்தில் மூன்று வீடுகள் பாக்கி இருந்தன. மீதி மூன்று அடியில் அந்த மூன்று வீட்டு ஆட்களும் நின்றார்கள். கடைசியாக ஏறிய இளைஞன், ஓட்டுபவர் யார் என்று பார்த்துவிட்டு, "அண்ணே, நீயா?" என்றான். அண்ணன் என்னை முதல் கியர் போடச் சொன்னார்.

டெங்கில் என்ற ஊரைத் தாண்டி ஒரு இறக்கம், பக்கத்தில் சதுப்பு. அங்கே அவர் "கியர எடுத்துரு" என்றார். எடுத்தேன். வண்டி வேகம் பிடித்ததும், ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தார். சாய்ந்தால் சதுப்பில் விழும், பிழைத்தவர்கள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். குட்டை வண்டியாக இருந்திருந்தால் டிரெய்லர் அதைத் தள்ளிச் சுழற்றிக் கவிழ்த்திருக்கும். நீள வண்டி ஒருமுறை உலுக்கி, நேராகி, சாலையிலேயே நின்றது. என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. தூக்கத்தில் ஓட்டுகிறாயா என்று ஒரு சிப்பாய் இறங்கி வந்து அவர் முகத்தைத் துப்பாக்கிக் கட்டையால் கிழித்தான்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் ஆட்களை இறக்கிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பியதும், டிரைவர் அண்ணன் நல்ல கையால் என் பிடரியைப் பிடித்து அதே பின்பலகையில் என் தலையை மோதினார். இரண்டு முறை. நான் தடுக்கவில்லை. "படிச்சியே, எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். என் இடது காது அன்றிலிருந்து மந்தம்தான்.

ஜப்பான்காரர்கள் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்களில் அவருடைய தம்பி இல்லை. கை வளைந்து ஒட்டிக்கொண்டதால் டிரைவர் அண்ணன் இப்போது எங்கள் பட்டறை வாசலில் காவல் இருக்கிறார். நான் தினமும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். அவர் என்னோடு பேசுவதில்லை.

போன வாரம் கிள்ளானிலிருந்து ஒருவர் வந்தார். டிரெய்லர் இழுக்க ஒரு பிக்கப் வேண்டும், பெட்டி எத்தனை அடி வைத்துக் கட்டலாம் என்று கேட்டார். அடிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். விரிப்பதற்கு முன், "என்ன ஏத்தப் போறீங்க?" என்று கேட்டேன். "பலகதான். வேற என்னத்த ஏத்துவாங்க?" என்று அவர் சிரித்தார். "யாரு இழுக்கச் சொன்னது? எங்கேருந்து எங்க?" என்று மறுபடியும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மரக்கடை பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகுதான் உடைந்த முனையை அவருடைய வண்டியின் பின்பலகையில் வைத்தேன்.

வாசலிலிருந்து குரல் வந்தது. கேட்கும் காது அந்தப் பக்கம் இருந்ததால் தெளிவாகவே கேட்டது.

"நாலக் கழிச்சுக்க, கிராணி."