மேற்கே சரோஜாவின் மனை

போன மாதம் என் மகள் அம்பத்தூரில் அடுக்குமாடி வீடு வாங்கினாள். பதிவு அலுவலகத்தில் விரலை ஒரு சின்னக் கண்ணாடியின் மேல் வைக்கச் சொன்னார்கள். விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது, அவ்வளவுதான். மையும் இல்லை, துடைக்கத் துணியும் இல்லை. பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று இருந்தது. அதாவது, மண்ணில் அவளுக்கும் பங்கு உண்டு. எந்த இடம் என்று கை காட்டத்தான் முடியாது. எனக்குச் சரோஜாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பார்த்து நான் பட்ட பொறாமையும்தான். பொறாமை என்று நாசூக்காகச் சொல்கிறேன். வயிற்றெரிச்சல் என்பதே சரி.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவள் எங்களுக்கு அடுத்த வீடு. என் கணவரும் அவள் கணவர் தனபாலும் ஒரே ஷிப்டு. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று சொல்லிக்கொள்ளச் சமயம் பார்த்துக்கொண்டே இருப்பேன். சரோஜா திருவேற்காட்டுக்காரி. அவள் வீட்டார் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒருநாள் பூந்தமல்லிப் பதிவு அலுவலகத்திலிருந்து நேராக என் அடுப்படிக்கே வந்துவிட்டாள். மை அப்பிய இடது கட்டைவிரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"யக்கா, இத்த பாரேன்! திருவேற்காட்டுல மனை வாங்கிக்கீறாரு. எம் பேர்ல!"

பின்னால் நின்ற தனபால் கூச்சத்தோடு சிரித்தார். "மெசின்ல வேல செய்றவன்க்கா நானு. நாளிக்கு எதுனா ஆச்சின்னா, எங்க அண்ணன் தம்பிங்க இவள வெளிய தள்ளிடுவானுங்கோ. அதான்."

எனக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. சரோஜா இரண்டு நாள் அந்த விரலுக்குச் சோப்புப் போடாமல் திரிந்தாள்.

பத்திரம் கைக்கு வந்ததும் படித்துக் காட்டச் சொன்னாள். படிப்பு இருந்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது. 'தனபால் மனைவி சரோஜா அவர்கள் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்ற வரியை மறுபடி மறுபடி படிக்க வைத்தாள். பிறகு நான்கு எல்லைகளுக்கு வந்தோம்.

"கெய்க்கால இன்னா போட்டுக்கீது?"

"கிழக்கே பொன்னுசாமி நிலம்."

"எங்க நைனா கூலிக்கு நாத்து நட்ட நெலம்க்கா அது." கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அவுரு பத்திரத்துல மேக்கால நானா?"

"இனிமேல் எழுதினால் உன் பெயர்தான்," என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மிராசுதாரின் பத்திரத்தில்கூட அவள் பெயர் ஏறப்போகிறது. என் பெயரோ எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் தாண்டி எங்கும் போனதில்லை.

என் பேரிலும் ஒரு மனை வாங்கலாமே என்று அன்றே கணவரிடம் கேட்டேன். "என் பேர்ல இருந்தா உன் பேர்ல இருக்கிற மாதிரிதானே?" என்றார்.

"அப்போ என் பேர்ல இருந்தாலும் உங்க பேர்ல இருக்கிற மாதிரிதானே?"

அதற்கு மேல் அவருக்குச் செய்தித்தாளில் நிறைய வேலை இருந்தது.

ஆனாலும் என் நச்சரிப்பு தாங்காமல் வாங்கினார். முத்தாபுதுப்பேட்டையில் ஓட்டு வீடு. அவரும் அவர் அண்ணனும் சேர்ந்து, 'பொதுவில் சரிபாதி' என்று. எது யார் பாதி என்று பத்திரம் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போனோம். ஓரகத்தி கூடத்தில் உட்கார்ந்தால் கூடம் அவளுடையது, நான் உட்கார்ந்தால் என்னுடையது. நாங்கள் இருவரும் அதிகம் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டோம்.

சில வருடங்களில் கணவரின் அண்ணன் தன் பங்கை விற்க நினைத்தார். பிரிக்காத பாதியை எவன் வாங்குவான்? முழு வீட்டையும் விற்றார்கள். அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள். என்னைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை. குவார்ட்டர்ஸ் திரும்பக் கிடைக்கவும் இல்லை.

அதற்குள் சரோஜா தன் மனையில் வீடு கட்டியிருந்தாள். கிரகப்பிரவேசப் பாயசத்தில் சர்க்கரை தூக்கல் என்று நான் சொல்லிவிட்டு வந்தது நினைவிருக்கிறது, சரியாகத்தான் இருந்தது. சேதி கேட்டு அவளே தேடி வந்தாள். "எங்க ஊட்ல பக்கத்துப் போர்சன் காலியா கீதுக்கா. நீ வேற எங்க போவ?"

போனேன். அவள் மண்ணில் குடியிருந்தேன். முருங்கை நட ஆசைப்பட்டு, நடலாமா என்று அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. "இன்னாக்கா கேட்டுக்கினு, நடேன்!" என்றாள். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்! மரம் காய்த்தது. முதல் காயை அவளே பறித்து வந்து கொடுத்தபோதும் எனக்கு எரிந்தது.

இப்போது சரோஜா இல்லை, தனபாலும் இல்லை. பிள்ளைகள் மனையை அடுக்குமாடி கட்டக் கட்டுமானக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பொன்னுசாமி நிலம் முழுக்கத் தெருக்கள். வரப்பும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. நான் குடியிருந்த அறை எங்கே இருந்தது என்று மட்டுக்கட்ட முடியவில்லை. மேலே வரிசையாகப் பால்கனிகள். அங்கே நின்றபோதும் வயிறு லேசாக எரியத்தான் செய்தது. யாரைப் பார்த்து எரிவது என்றுதான் தெரியவில்லை.