மதீனா பீவி திறந்துவைத்த ஜன்னல்கள்

ஷேக் பரீத் படிக்கட்டில் வழுக்கி விழுந்தபோது அவர் தோளில் குளிக்க வெந்நீர் போடுகிற ஒரு செம்பு பாய்லர் இருந்தது. 1962ஆம் வருஷத்து மழைக்காலம். மாட்டுங்காவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டிலிருந்து பழுது பார்க்க அதைத் தாராவிக்கு எடுத்துக்கொண்டு வந்தார். பாய்லருக்கு லேசான நெளிவுதான். அவருடைய வலது முழங்கை நொறுங்கிப்போய், கட்டுப் பிரித்தபோது கோணலாகக் கூடியிருந்தது. அதற்குப் பிறகு சுத்தியலை அவரால் நெஞ்சுக்கு மேலே தூக்க முடியவில்லை.

தாராவியில் அவர்கள் வீட்டின் முன்பாதிதான் பட்டறை. பழுதுக்கு வந்த பாய்லர்கள் சுவரோரமாக வரிசை கட்டி நின்றன. பரீத்தின் மனைவி மதீனா பீவி சில நாள் அவற்றைப் பார்த்தபடியே வளைய வந்தாள். பிறகு ஒரு காலையில் அவளே உலையை மூட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷனுக்குத் துருத்தி ஊதியவள் அவள். தகட்டைப் பிடித்துக்கொண்டதும் நவச்சாரம் தூவி ஈயம் பூசியதும் அவள்தான். சுத்தியல் மட்டும்தான் அவள் கைக்குப் புதிது.

"ஒன்னால ஆவாது பிள்ளே. பற்று நிக்காது" என்றார் பரீத், கட்டிலில் கிடந்தபடி.

"நிக்கலைன்னா திரும்ப வைக்குதேன் மச்சான். நீங்க அங்கன இருந்தே சொல்லுங்க, போதும்."

ஈயத்தை உருக்கி அவள் முதலில் வைத்த பற்று நிற்கவில்லை. அடுத்ததும் ஒழுகிக்கொண்டு திரும்பி வந்தது. கரி எரிகிற நடுக்குழாய்க்கும் அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற தொட்டிக்கும் நடுவே இருக்கிற இணைப்புதான் பாய்லரின் உயிர். அங்கே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தண்ணீர் நெருப்பில் சொட்டி அணைத்துவிடும். மதீனா பிரித்தாள், சுரண்டினாள், மறுபடி வைத்தாள். அதற்கடுத்த பாய்லர் ஒழுகவில்லை. பரீத் இடது கையால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். அவர் குறை சொல்லாததே பெரிய பாராட்டு என்று அவளுக்குத் தெரியும்.

பாய்லரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்க அவளால் ஆகாது. கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் பட்டறையையே சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சின்ன அடுப்பு, சுத்தியல், பற்று வைக்கிற சூட்டுக்கோல், ஈயம், அரம், சுரண்டி, குழாய்க்குத் தோல் வாஷர்கள். சாக்குக்குத் தோளில் உறுத்தாத பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தவர் பரீத்.

அடுத்த வீட்டு நாகூர் கனி தோல் வியாபாரி. மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிற ஆள். "பொம்பளைய ஊரார் ஊட்டுக் குளிக்கிற ரூமுக்கெல்லாம் அனுப்புதியே பரீது" என்றார்.

"அவ போற நேரத்துல அங்க பொம்பளைங்கதான் இருப்பாங்க. என்னையத்தான் வாசல்லயே நிறுத்தி வைப்பாங்க" என்றார் பரீத்.

அவர் சொன்னது உண்மைதான். மாட்டுங்கா வீடுகளில், ஆண்கள் எல்லாம் ஆபீசுக்குப் போனபின் வேற்று ஆம்பளையைக் குளியலறை வரைக்கும் விடத் தயங்குவார்கள். அதனால்தான் சின்ன ஒழுகலுக்குக்கூடப் பாய்லர் தாராவிக்குப் பயணம் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பி வரும்வரை வீட்டார் அடுப்பில் அண்டாவை ஏற்றி அவதிப்படுவார்கள். மதீனா வந்தபிறகு அந்தத் தொல்லை இல்லை. காலையில் வந்தாளானால் சாயங்காலம் பாய்லரில் வெந்நீர் கொதிக்கும்.

பார்வதியம்மாள் வீடுதான் அவளுடைய முதல் வீடு. பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். மகன் நாணுவுக்குக் கோட்டைப் பக்கம் கம்பெனி உத்தியோகம். அம்மாள் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பரீத் வரலையா?"

"கை முடியலைம்மா. நான் அவுஹ பொஞ்சாதி. நானே செய்யுதேன்."

"நீயா? சரி, பின்பக்கத்துப் படி வழியா வா. சமையல் உள் பக்கம் மட்டும் வராதே."

மதீனா அதற்கு வருத்தப்படவில்லை. பின்படியில் ஏறினால் நேரே குளியலறைக் கதவு. அவளுக்கு வேண்டியதும் அதுதான். அன்று பாய்லரிலிருந்து கூடை கூடையாகச் சாம்பலும், ஓடு ஓடாகப் பெயர்ந்த உப்பும் வந்தன. அந்தக் கட்டடத்தில் கிணற்றுத் தண்ணீர்தான் அதிகம். உப்பு தடித்துப்போனால் எவ்வளவு கரி போட்டாலும் தண்ணீர் சுடாது. போகும்போது அவள் சொன்னாள்: "தண்ணி இல்லாம மட்டும் பத்த வைக்காதீய அம்மா, பற்று உருகிரும். விறகு வேண்டாம், சுவரெல்லாம் கரி அப்பும். அடுப்புக்கரி போடுங்க. பொகையே இருக்காது."

அந்தக் கடைசி வார்த்தையை நினைத்து அவள் பிற்பாடு பல தடவை வேதனைப்பட்டிருக்கிறாள்.

வருஷங்கள் ஓடின. மாட்டுங்காவில் தெருத்தெருவாக, செம்பூர் வரைக்கும்கூட, அவளுக்கு வீடுகள் சேர்ந்தன. பாய்லர் இரைகிற சத்தத்தைக் கேட்டே எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்வாள். பெண்கள் அவளிடம் பாய்லரைப் பற்றி மட்டுமா பேசினார்கள்? மருமகளைப் பற்றி, மாமியாரைப் பற்றி, நின்றுபோன வரனைப் பற்றி எல்லாம் பேசினார்கள். கேட்டதை அவள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

1967 மார்கழியில் பார்வதியம்மாளின் மகள் விசாலம் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். பாய்லர் குழாய் சொட்டுகிறது என்று ஆள் அனுப்பியதால் மதீனா வந்தாள். உள்ளே விசாலம் குளித்துக்கொண்டிருந்தாள்.

"சித்த உக்காரு பீவி. எண்ணெய் தேச்சு விட்டுண்டிருந்தேன், குழந்தை அழுதுது, வந்துட்டேன். மீதியை அவளே பாத்துப்பா" என்றாள் பார்வதியம்மாள், மடியில் குழந்தையை ஆட்டியபடி. "பாவம், குளிச்சா போறும், ஒரே தலைவலிங்கறா. நேத்திக்கு வாந்திகூட. பச்ச உடம்போன்னோ? காத்துப் படப்படாதுன்னு ஜன்னலைக்கூட இறுக்கச் சாத்தித்தான் வெச்சிருக்கேன்."

மதீனாவுக்குச் சுருக்கென்றது. ஒரு மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறதென்று பட்டறைத் தகரக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கரி உலையை மூட்டி வேலை செய்ததும், தலை வெடிக்கிற மாதிரி வலித்துப் பரீத் வாசலில் போய் வாந்தி எடுத்ததும் நினைவுக்கு வந்தன. அவள் எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் இல்லை.

"விசாலம்மா."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கதவை உலுக்கினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அதற்குமேல் அவள் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சாக்கிலிருந்து சுத்தியலை எடுத்துத் தாழ்ப்பாள் இருக்கிற இடத்தில் ஓங்கி அடித்தாள். பலகை பிளந்தது. விசாலம் சுவரில் சாய்ந்தபடி சரிந்து கிடந்தாள். முகம் பார்க்க நன்றாகச் சிவந்திருந்தது, தூங்குகிறவள் மாதிரி. அறையில் புகையே இல்லை. மதீனா மூச்சை அடக்கிக்கொண்டு போய் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். தன் முந்தானையால் விசாலத்தைச் சுற்றி, கக்கத்தில் கை கொடுத்துப் பின்பால்கனிக்கு இழுத்து வந்து போட்டாள்.

"காத்து வரட்டும்மா, தள்ளி நில்லுங்க. டாக்டரைக் கூப்பிட ஆள விடுங்க" என்றாள்.

டாக்டர் வருவதற்குள் விசாலம் முனகினாள். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் அவர். கரி முழுதும் எரியாமல் கனன்றால் வருகிற நச்சுக்காற்று அது, மணமும் இருக்காது நிறமும் இருக்காது என்று விளக்கினார். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த நாணு பிளந்த கதவைப் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்டு, நேரே விசாலத்திடம் போய் உட்கார்ந்துகொண்டார்.

பார்வதியம்மாள் மதீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சமையல் உள்ளிலிருந்து காப்பி கொண்டுவந்து அவளுக்குத் தன் கையாலேயே கொடுத்தாள். மதீனாவால் அதைக் குடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பரீத்திடம் சொன்னாள். "பாய்லர்ல ஒன்னும் தப்பில்லையே" என்றார் அவர்.

"பாய்லர் நல்லாத்தான் இருக்கு மச்சான். அது இருக்குத எடம்தான் சரியில்ல. கரி போடுங்க, பொகை வராதுன்னு வீடு வீடா நான்தானே சொல்லி வச்சேன். பொகை வந்திருந்தா அந்தப் பிள்ள வெளிய ஓடியாந்திருக்கும்."

பரீத் கரித்துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் கோடு போட்டார். பாய்லர் தலையில் கவிழ்க்க ஒரு மூடி, அதிலிருந்து வளைந்து ஜன்னல் வழியாக வெளியே போகிற தகரக் குழாய். தகரம் லேசானது. அதை வெட்ட அவருடைய கோணல் கையே போதும். விழுந்த பிறகு அவர் முழுசாகச் செய்த முதல் வேலை அதுதான்.

மதீனா தான் கை வைத்த வீடு ஒவ்வொன்றுக்கும் மறுபடி நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை, பழுதும் இல்லை. பாய்லரைப் பால்கனிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் குழாய் வையுங்கள், அதுவரை ஜன்னலைச் சாத்தாதீர்கள் என்று சொன்னாள். பல வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். தகரம் விற்க வந்திருக்கிறாள் என்று சில வீடுகளில் சிரித்தார்கள். கேட்காதவர்கள் பாய்லரை அவள் அதற்குப்பின் தொடவில்லை. அதனால் வேலை குறைந்தது. ஏன் வரவில்லை என்று ஆள்விட்டுக் கேட்டவர்களுக்கு, மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

செம்பூரில் சொர்ணம்மாள் என்று ஒரு மாமியார். "இருவது வருஷமா இந்த அறையிலதான் குளிக்கிறோம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. எங்க வீட்டு ஜன்னலத் திறந்தா எதிர்வீட்டு மாடியில நிக்கிறவன் எட்டிப் பார்ப்பான்" என்று கதவைச் சாத்திவிட்டாள். மதீனா படி இறங்கும்போது பின்னாலேயே அந்த வீட்டு மருமகள் ஓடிவந்தாள். அவள் மாசமாக இருந்தாள்.

"அக்கா, எனக்கும் குளிச்சா தலைவலி வருது. சொன்னா அத்தை நம்ப மாட்டாங்க."

மதீனா நின்றாள். திரும்ப மேலே ஏறிக் கதவைத் தட்டினாள். "அம்மா, உங்க ஜன்னல் கதவு ஈரத்துல உளுத்துப் போயிருக்கு. தெருவுல போறவன் தலையில விழுந்தா போலீசுதான் வரும். கழட்டிட்டுப் போயி சரி பண்ணிக் கொண்டாரட்டா? காசு வேண்டாம். அதுவரைக்கும் ஒரு சாக்கைத் தொங்க விட்டுக்கிடுங்க, யாருக்கும் தெரியாது."

காசு வேண்டாம் என்றதும் சொர்ணம்மாள் சம்மதித்தாள்.

சாக்குத் திரை எதிர்வீட்டுக்காரன் பார்வையை மறைத்தது, காற்றை மறைக்கவில்லை. ஜன்னல் கதவு தாராவிக்கு வந்தது. சொர்ணம்மாள் இரண்டு மூன்று தரம் ஆள்விட்டுக் கேட்டாள். ஆசாரி இன்னும் தரவில்லை என்று ஒருமுறை, நல்ல மரம் கிடைக்கவில்லை என்று ஒருமுறை மதீனா பதில் சொல்லி அனுப்பினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் ஒவ்வொரு தடவையும் பரீத்திடம் கேட்டுத்தான் சொன்னாள். மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த வீட்டில் மின்சார கீசர் வாங்கிப் பாய்லரைப் பழைய செம்புக்குப் போடும்வரை அந்த ஜன்னல் கதவு ரிப்பேரிலேயே இருந்தது.